குதிரையும் வண்டியும் ஒரு சந்தேகமும்

கனடா தேசத்தின் டொராண்டோ நகரில், அந்நாளில் ரையர்சன் என்ற பெயரோடு விளங்கியதும் 2022 முதல் டொராண்டோ மெட்ரோபாலிட்டன் என்று அழைக்கப்படுவதுமான பல்கலைக்கழகத்தில், பொறியியல் மாணவர்கள் கூடியிருந்து படிக்கும் நிலவறை ஒன்று இருந்தது. அதற்கு அவர்கள் பரிகாசமாகச் சூட்டியிருந்த பெயர் ‘பாதாளச் சிறை’. அங்கே ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் எட்டிப் பார்ப்பதும், ‘இந்த வரி எப்படி வந்தது?’ என்று கேட்பதும், தெரிந்தவர் தெரியாதவருக்குத் தாளில் வரைந்து காட்டுவதும் எவருக்கும் குற்றமாகத் தோன்றியதில்லை. 2007-ஆம் ஆண்டில் முதலாண்டு மாணவர்கள் சிலர் அதே பேச்சை, அதே பாதாளத்தின் பெயரைத் தாங்கிய ஒரு ஃபேஸ்புக் குழுவில் நடத்தத் தலைப்பட்டார்கள். வேதியியல் பாடத்தில் நூற்றுக்குப் பத்து மதிப்பெண்ணுக்குரிய வீட்டுக் கணக்குகளைப் பற்றியது அந்தக் குழு. சேர்ந்திருந்தவர் 146 பேர். கணக்குகளை ஒவ்வொருவரும் தனித்தே செய்யவேண்டும் என்று பேராசிரியர் கட்டளையிட்டிருந்தார். விஷயம் அவருக்குத் தெரியவந்ததும், குழுவை நிர்வகித்துவந்த பதினெட்டு வயது மாணவர்மீது 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 147 குற்றச்சாட்டுகள் எழுந்தன: குழுவை நடத்தியதற்கு ஒன்று, உறுப்பினர் தலைக்கு ஒவ்வொன்றாக 146. பல்கலைக்கழகத்தை விட்டே விலக்கப்படுவாரோ என்ற நிலைமை ஏற்பட்டு, செய்தித்தாள்கள் அதை விரிவாகப் பேசி, இறுதியில் மார்ச் மாதத்தில் விசாரணைக் குழு அவரை விலக்கவேண்டியதில்லை என்றும், அந்த வீட்டுக் கணக்குகளுக்குரிய மதிப்பெண் பூஜ்யமாகட்டும் என்றும் தீர்த்துவைத்தது.

குற்றம் உண்டா, இல்லையா என்று வாதிட எனக்கு விருப்பமில்லை. ஒரே பிராயத்தினர், ஒரே பாடம், ஒரே சம்பாஷணை. ஆயினும் நிலவறையில் நிகழ்ந்தபோது கல்வியாகத் தோன்றிய காரியம், கணினித் திரையில் நிகழ்ந்தபோது களவாகத் தோன்றியது ஏன் என்பதுதான் அந்த வழக்கைப் பற்றிப் படித்த நாள்முதல் என் மனத்தை விட்டு அகலாத வினா. யோசிக்க யோசிக்க, சொல் பிறந்த பிறகு அது அடைகிற கதியிலேயே இந்த வேற்றுமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நிலவறையில் ஒருவன் சொன்ன தவறான விடை, சொன்ன மாத்திரத்தில் காற்றோடு போயிற்று. அடுத்த நாள் அவனிடம் வந்து ‘நேற்று நீ இப்படிச் சொன்னாயே’ என்று சாட்சி காட்டுவார் எவருமில்லை. ஃபேஸ்புக்கில் எழுதியதோ அப்படியே கிடந்து, கேளாதார் கண்ணிலும் பட்டு, 147 ஆகப் பெருகிற்று.

மாணவன் தன் சந்தேகத்தை எங்கே கேட்பான் என்பதை அவனுடைய தைரியம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கேட்ட பிறகு அந்தச் சொல் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும், யார் யார் காதுக்குப் போகும் என்பதை அவன் தன்னையறியாமலே கணக்கிடுகிறான். வகுப்பறை, இணைய விவாத மன்றம், சமூக ஊடகம் ஆகிய மூன்றையும் இந்தக் கணக்கைக்கொண்டு பார்த்தால்தான் எதில் எது நடக்கும் என்பது விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

நெடுங்காலம் பௌதிகம் கற்பித்தவன் ஆகையால் என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியில் படிக்காதவர் இல்லை: ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை ஒன்று உண்டு. இதைக் கேட்டதும், உண்மையாகச் சிந்திக்கிற மாணவன் மனத்தில் ஒரு சந்தேகம் எழுந்தே தீரும். குதிரை வண்டியை எவ்வளவு விசையோடு முன்னே இழுக்கிறதோ அவ்வளவு விசையோடு வண்டியும் குதிரையைப் பின்னே இழுக்கும் என்றால், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுமே, பிறகு வண்டி நகர்வது எவ்வாறு? இந்தச் சந்தேகம் ஒருகாலும் தோன்றாதவன் அந்த விதியை மனப்பாடம் செய்தானேயன்றி அதனோடு பழகவில்லை என்றுகூடச் சொல்லத் துணிவேன்.

ஆனால் இந்தச் சந்தேகம் நம் வகுப்பறைகளில் வாய்விட்டுக் கேட்கப்படுவது அபூர்வம். பாடம் முடிகிற தறுவாயில் ஆசிரியர் கரும்பலகையிலிருந்து திரும்பி, கையிலுள்ள சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டே ‘புரியுதா?’ என்று கேட்கிறார், ‘புரியுது சார்’ என்று அறுபது குரல்கள் ஒன்றாக ஒலிக்கின்றன, மணி அடிக்கிறது. தாழ்வாரத்துக்கு வந்ததும்தான் ‘டேய், அந்தக் குதிரை விஷயம் உனக்குப் புரிஞ்சுதாடா?’ என்ற உண்மையான வகுப்பு ஆரம்பமாகிறது. அந்த அறுபது குரல்களில் ஒன்றாக நானும் ஒருகாலத்தில் இருந்தேன். பின்னர் ‘புரியுதா?’ என்று கேட்டவனாகவும் இருந்தேன். இரண்டு நிலையிலும் அந்தப் பதிலின் பொய்மையை நான் அறிந்தே இருந்தேன்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், வகுப்பறைப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிவு செய்து, பேச்சை விட்டுவிட்டு மௌனத்தை அளந்தார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டபின் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது அவருடைய ஆராய்ச்சி. சராசரியாக ஏறக்குறைய ஒரு விநாடி என்று தெரியவந்தது. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் வேறொருவரைக் கேட்கிறார், அல்லது தாமே விடையைச் சொல்லிவிடுகிறார். இந்த ஒரு விநாடியை மூன்று விநாடியாக நீட்டும்படி ஆசிரியர்களைப் பழக்கியபோது, மாணவரின் பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ என்பது குறைந்தது. மந்தமானவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மாணவர்களே கேள்வி கேட்பதும் அதிகமாயிற்று. 1974-ல் வெளிவந்த இந்த ஆய்வைப் பற்றி முதன்முதலாகப் படித்த இரவில், நான் நடத்திய வகுப்புகளையெல்லாம் நினைத்துப் பார்த்து வெட்கமுற்றேன். மூன்று விநாடி என்பது எவ்வளவு நீளம் என்பது, நாற்பது பேர் முன்னால் வாய்மூடி நின்று பார்த்தவருக்கே தெரியும்.

ஒரு விநாடிக்குள் யாரால் பதில் சொல்ல முடியும்? முன்பே தெரிந்தவனால் முடியும். தவறினாலும் கவலைப்படாத சுபாவம் உள்ளவனால் முடியும். நம் கல்லூரிகளில் ஆங்கிலம் சரளமாக வாயில் வருகிறவனால் முடியும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, மாநில அளவில் நல்ல மதிப்பெண் பெற்று, பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் வந்து அமர்கிற ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு, குதிரை வண்டிச் சந்தேகம் எழாமலில்லை. அதை மனத்துக்குள் தமிழில் கோத்து, ஆங்கிலத்தில் மாற்றி, உச்சரிப்பைச் சரிபார்த்து, எழுந்து நிற்பதற்குள் பாடம் இரண்டு பக்கம் தாண்டிப் போய்விடுகிறது. அவளுடைய மௌனத்தை ஆசிரியர் அறியாமை என்று எழுதிக்கொள்கிறார்.

இவ்வளவு சொன்னதனால் வகுப்பறையை நான் நிந்திப்பதாக எண்ணிவிடலாகாது. சொல் உடனே மறைந்துபோகிறது என்ற அதே காரணத்தால் வகுப்பறைக்கு வாய்த்திருக்கிற பாக்கியம் ஒன்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர், தம் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போடுவது கண்டு தம்மைச் சிறந்த ஆசிரியர் என்று நம்பியிருந்தவர். கனமான லாரியும் சிறிய காரும் மோதிக்கொண்டால் எதன்மேல் விழும் விசை அதிகம் என்பது போன்ற எளிய கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தபோது (இதுவும் மூன்றாம் விதிதான், இரண்டின்மேலும் விசை சமம்), அந்தக் கணக்குப் புலிகளே தடுமாறினார்கள். நீங்கள் கற்பித்தபடி பதில் எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்ற பொருள்பட மாணவர் ஒருவர் கேட்டாராம். அந்தக் கேள்வியைவிடக் கூர்மையாக ஓர் ஆசிரியரின் கர்வத்தை அறுக்கக்கூடிய கத்தி இல்லை.

மசூர் ஒரு விஷயத்தை ஒருவிதமாக விளக்கினார். மாணவர் முகம் தெளியவில்லை. வேறுவிதமாக விளக்கினார், அப்போதும் தெளியவில்லை. வழி தோன்றாமல், ‘நீங்களே ஒருவரோடொருவர் பேசிப் பாருங்கள்’ என்று விட்டுவிட்டார். கூடம் முழுவதும் ஒரே இரைச்சல். சில நிமிஷங்களில் பெரும்பாலோர் சரியான விடைக்கு வந்துசேர்ந்திருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் இதையே அவர் ஒரு முறையாக வகுத்துக்கொண்டார்: கேள்வி கேட்பது, ஒவ்வொருவரும் தனியே விடை தேர்வது, பக்கத்திலிருப்பவரைத் தம் விடைக்கு இணங்கச் செய்ய முயல்வது, மறுபடி விடை தேர்வது. இரண்டாம் முறை சரியான விடைகள் ஏறிவிடுகின்றன. நேற்றுத்தான் புரிந்துகொண்டவனுக்கு, எந்த இடத்தில் கால் தடுக்கும் என்பது இன்னும் நினைவிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் புரிந்துகொண்ட பேராசிரியர் அந்தக் கல்லையே மறந்துவிட்டார். இதுவே மசூர் கூறும் காரணம்.

தமிழறிந்தார்க்கு இது புதிய செய்தியன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்வியைப் பங்கு போட்டுக் காட்டியிருக்கிறார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே ஏற்றுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் கற்பவரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதனால்தான் வருகிறது. ஆசிரியருக்கு வெறும் கால் பங்கு! ஓர் இலக்கண ஆசிரியரே தம் இனத்தைப் பற்றி இப்படித் தீர்ப்புச் சொன்னார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் தனி மதிப்புத் தோன்றும். 1789-ல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதிப் படிக்கும் நம் நாட்டுச் சிறுவரைக் கண்டு, ஒரு மாணவனை மற்றொரு மாணவனுக்கு உபாத்தியாயனாக்கும் ஏற்பாட்டைச் செய்து, அதைப் பற்றி 1797-ல் லண்டனில் நூல் வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்றே இங்கிலாந்தில் பெயர் பெற்றது. ஆசிரியர் சம்பளத்தைக் குறைக்க அது நல்ல உபாயம் என்று பலர் அதை வரவேற்றார்கள் என்பது வேறு கதை.

எனவே மாணவர் தம்முள் பேசிக்கொள்வது நல்லதா என்பதில் தர்க்கமில்லை. எந்த இடம் அதற்கு ஏற்றது என்பதுதான் பிரச்சினை; இங்கேதான் இணைய விவாத மன்றம் வருகிறது.

அதன் பிறப்பைத் தேடிப்போனால் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேருவோம். கணினியைக்கொண்டு பாடம் கற்பிக்கும் பொருட்டு 1960-ல் அங்கே தொடங்கிய ‘பிளேட்டோ’ என்ற அமைப்பில், பழுதுகளைத் தெரிவிப்பதற்கென்று ஒரு பொது ஏடு இருந்தது. அதில் எவரும் எழுதலாம். எழுதியது யார் என்பதற்கு உறுதியில்லை. பிறர் எழுதியதை எவரும் அழித்துவிடவும் கூடும். 1973-ல் டேவிட் உல்லி என்ற பதினேழு வயது இளைஞர் இதற்கு ஒரு பரிகாரம் செய்தார். ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவர் அடையாளமும் தேதியும் தாமே பதியும். ஒருவர் எழுதியதன் கீழ் மற்றவர் மறுமொழிகள் வரிசையாக அமையும். பார்த்தால் அற்பமான மாற்றம். ஆயினும் பேச்சு அன்றைக்கு ஓர் இடம் பெற்றது. நேற்றைய கேள்வியை நாளை வந்தவனும் கண்டு, அதன் கீழேயே உட்கார்ந்து பேசலாம் என்ற சௌகரியம் அன்றைக்கு ஏற்பட்டது.

இந்த மன்றத்தை வகுப்புக்கென்றே வடிவமைத்தவர்களில் ஒருவர் நம் நாட்டுப் பெண்மணி. பூஜா நாத் சங்கர் என்னும் அவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணினியியல் படித்தவர். வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஆண்பிள்ளைகள் கணினிக்கூடத்தில் கூடி ஒருவர்க்கொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள, சங்கோசத்தால் அவர்களை அணுகமாட்டாமல் தனியே முட்டி மோதிப் படித்தார். பின்னாளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நிர்வாகவியல் பயின்றபோது, தமக்கு அன்று கிடைக்காத இடத்தைப் பிறருக்கு அமைத்துத் தரும் எண்ணத்தோடு 2009-ல் ‘பியாசா’ என்ற மன்றத்தைத் தொடங்கினார். அங்கே ஒரு கேள்விக்குக் கீழே நூறு பதில்கள் குவிவதில்லை. மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து திருத்தித் திருத்தி எழுதும் ஒரே பதில் ஒன்று. ஆசிரியர் எழுதும் பதில் ஒன்று. மாணவர் எழுதியது சரியாயிருந்தால் ஆசிரியர் அதற்குத் தம் ஒப்புதலைப் பொறித்துவிட்டுப் போய்விடலாம். கேட்பவர் தம் பெயரைச் சக மாணவரிடமிருந்து மறைத்துக்கொள்ளவும் இடமுண்டு. கான்பூர்க் கணினிக்கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அனுபவத்திலிருந்து பிறந்தது அந்தக் கடைசி ஏற்பாடு என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

நம் குதிரை வண்டிச் சந்தேகத்தை இத்தகைய மன்றத்தில், நான் முன்னே சொன்ன கிராமத்துப் பெண் இரவு பதினொரு மணிக்குப் பெயரில்லாமல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவளுக்கு அவசரமில்லை, வாக்கியத்தை நான்கு தடவை திருத்தலாம். பத்து நிமிஷத்தில் ஒருவன், ‘குதிரையின் விசை கொஞ்சம் அதிகம்’ என்று பதில் எழுதுகிறான். அது தவறு. மறுநாள் காலையில் மற்றொருத்தி, ‘இரண்டும் சமமே, ஆனால் ஒன்று வண்டியின்மேலும் மற்றது குதிரையின்மேலும் விழுகின்றன, வெவ்வேறு பொருள்கள்மேல் விழுகிற விசைகளைக் கூட்டிக் கழித்துச் சரிக்கட்ட முடியாது’ என்று திருத்துகிறாள். அப்படியானால் பின்னுக்கு இழுக்கப்படுகிற குதிரை முன்னுக்குப் போவது எப்படி என்று மூன்றாமவன் கேட்கிறான். மாலைக்குள் தரை நினைவுக்கு வருகிறது: குதிரை தன் குளம்பால் தரையைப் பின்னே தள்ளுகிறது, தரை குதிரையை முன்னே தள்ளுகிறது, அந்தத் தள்ளல் வண்டியின் இழுப்பைவிட மிகுந்தால் குதிரை முன்னேறுகிறது. எண்ணெய் கொட்டிய சிமெண்டுத் தரையில் அதே குதிரையைக் கட்டினால் கால் வழுக்குமேயன்றி வண்டி அசையாது என்று ஒருவன் வேடிக்கையாக முடித்துவைக்கிறான். இதில் நான் அருமையாகக் கருதுவது கடைசி விடையை அன்று. முதலில் எழுதிய தவறும், அது திருந்திய வழியும் மறையாமல் கிடக்கின்றனவே, அதைத்தான். அடுத்த ஆண்டு மாணவனுக்கு விடையைக் காட்டிலும் அந்த வழி உதவும்.

மன்றத்தின் குறைகளையும் மறைக்கலாகாது. எம்.ஐ.டி. கழகம் 2012-ல் மின்சுற்றுகளைப் பற்றி இணையத்தில் நடத்திய முதல் திறந்த பாடத்தில் ஏறக்குறைய 1,55,000 பேர் பதிந்துகொண்டார்கள். தேறிச் சான்றிதழ் பெற்றவர் 7,100-க்குச் சற்று மேல். பதிந்தவர்களில் விவாத மன்றத்தில் கலந்துகொண்டவர் நூற்றுக்கு மூவர்தாம். ஆனால் சான்றிதழ் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர், அதாவது நூற்றுக்கு 52 பேர், மன்றத்தில் ஈடுபட்டிருந்தவர்கள். பேசியதனால் தேறினார்களா, தேறக்கூடியவர்களாய் இருந்ததனால் பேசினார்களா என்று இந்த எண்களைக்கொண்டு சொல்லிவிட முடியாது. அவசரப்பட்டுச் சொல்கிறவர்களை நம்பவும் கூடாது. வகுப்பறையின் பின்வரிசை மௌனம், மன்றத்திலும் தொண்ணூற்றேழு பங்காக வந்து உட்கார்ந்துவிட்டது என்பது மட்டும் நிச்சயம்.

அந்த மௌனத்தைக் கலைப்பதற்காக, மன்றத்தில் எழுதுவதற்கும் மதிப்பெண் வைக்கிறார்கள்: வாரத்துக்கு ஒரு பதிவு, பிறர் பதிவுகளுக்கு இரண்டு மறுமொழி என்று. அதன் பலனாக, ‘மிக நல்ல கருத்து, நானும் இதை ஆமோதிக்கிறேன்’ என்ற வாக்கியம் நூறு விதமாகப் பெருகுகிறது. ‘புரியுது சார்’ என்பதன் எழுத்து வடிவம்தான் அது, வேறொன்றுமில்லை.

மன்றத்துக்கு ஆசிரியர் உழைப்பும் குறைவன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கழகத்தில் அசோக் கோயல் என்ற பேராசிரியர் செயற்கை நுண்ணறிவைப் பற்றி இணையத்தில் நடத்திய வகுப்பில் சுமார் 300 மாணவர்; அவர்கள் ஒரு பருவத்தில் மன்றத்தில் எழுதியவை ஏறத்தாழ 10,000. பதில் எழுதி மாளாமல், 2016-ல் ‘ஜில் வாட்சன்’ என்ற பெயரில் ஒரு கணினி நிரலையே உதவி ஆசிரியர்களில் ஒருவராக அமர்த்திவிட்டார். வழக்கமான கேள்விகளுக்கு அது பதில் எழுதிற்று; பருவ முடிவில் வெளிப்படுத்தும்வரை மாணவர்களில் பெரும்பாலோர் அதை மனிதர் என்றே எண்ணியிருந்தார்கள். ‘எப்போது சமர்ப்பிக்கவேண்டும், எந்த வடிவத்தில் அனுப்பவேண்டும்’ என்பவற்றுக்கு மனிதர் தேவையில்லைதான். ‘புரியவில்லை’ என்று எழுதத் தயங்குகிறவனின் தயக்கத்தை வாசிக்க யார் வேண்டும் என்பது இன்னும் தீராத கேள்வி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த மன்றங்கள் அந்நியமல்ல, ஐ.ஐ.டி.கள் சேர்ந்து 2003-ல் தொடங்கிய ‘என்பிடெல்’ என்ற இணையப் பாடங்களிலும், சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழிப் படிப்பிலும் அவை உண்டு.

இனிச் சமூக ஊடகம். இதைப் பற்றி ஏராளமாகப் பேசுகிறார்கள், உள்ளதோ கொஞ்சம். நம் நாட்டில் மாணவரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் வாட்ஸ்ஆப் என்றே பொருள்படும். எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும் அதற்கு இரண்டு வாட்ஸ்ஆப் குழுக்கள் இருக்கக் காணலாம்: சார் இருக்கிற குழு ஒன்று, சார் இல்லாத குழு ஒன்று. முதலாவதில் சுற்றறிக்கைகளும், ‘ஓகே சார்’, ‘தேங்க்யூ சார்’ என்ற பதில்களும், பண்டிகை வாழ்த்துப் படங்களும் நிறைந்திருக்கும்; விவாதம் என்பது மருந்துக்கும் கிடையாது. வகுப்பின் உயிர் முழுவதும் இரண்டாவதில் இருக்கிறது. வராதவனுக்கு நோட்டுப் படம் அனுப்புவதும், பரீட்சைக்கு முதல் நாள் இரவு எது முக்கியம் என்று அலசுவதும், ஆசிரியரின் நடையைப் பரிகசிப்பதும் (என்னையும் பரிகசித்திருப்பார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை) அங்கேதான். குதிரை வண்டிச் சந்தேகத்தை அங்கே எழுதினால் இரண்டு நிமிஷத்தில் ஒருவன் நோட்ஸின் பக்கத்தைப் படமெடுத்துப் போடுவான். மற்றொருவன் சிரிப்புப் பொம்மை போடுவான். மூன்றாமவன் கல்லூரிப் பேருந்து தாமதம் என்று எழுதுவான். காலையில் எழுந்து பார்க்கும்போது சந்தேகம் நூறு செய்திகளுக்கு மேலே எங்கோ போய்விட்டிருக்கும். கடைநிலை மாணாக்கருக்கு உவமை தேடிய நன்னூலார், ஒரு செடியில் நில்லாமல் செடிக்குச் செடி தாவி நுனியைக் கடிக்கிற ஆட்டையும் அவற்றில் ஒன்றாக வைத்தார். இங்கே மாணவர் ஆடானது அவர் குற்றமன்று. மேய்கிற நிலத்தை அப்படி அமைத்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமான சங்கடம் ஒன்று உண்டு. டானா பாய்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், இளைஞர் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தும் விதத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, நண்பரிடம் ஒரு விதம், தாய் தந்தையரிடம் ஒரு விதம், ஆசிரியரிடம் ஒரு விதம் என்று வெவ்வேறு இடங்களில் வெவ்வேறாகப் பேசுகிற மனிதன், இந்த ஊடகங்களில் எல்லோர் முன்னிலையிலும் ஒரே சமயத்தில் பேச நேர்ந்துவிடுவதைச் சுட்டிக்காட்டினார். ஃபேஸ்புக் 2004-ல் ஹார்வர்டு மாணவருக்கு மட்டும் என்று பிறந்தது. 2006-ல் கதவு ஊருக்கெல்லாம் திறந்துவிடப்பட்டது. வளாகத்துக்குள் பேசியவர்கள் சந்தையில் நிற்பதைக் கண்டார்கள். நம் ஊரிலோ சந்தை வரை போகவேண்டியதே இல்லை. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கிராமப்புற மாணவர் குடும்பங்களில் ஸ்மார்ட்ஃபோன் வைத்திருந்தவை, 2018-ல் இருந்த 36.5 சதவீதத்திலிருந்து 61.8 சதவீதமாக ஏறியதை ‘அசர்’ என்ற கல்வி ஆய்வு அந்த ஆண்டில் காட்டியது. ஃபோன் குடும்பத்துக்கு வந்ததேயொழிய மாணவிக்கு வரவில்லை. பகலில் அது தகப்பனாரோடு வேலைக்குப் போயிற்று. மாலையில் திரும்பி வந்ததும் அண்ணனும் தம்பியும் போக மிஞ்சிய நேரத்தில் அவள் கைக்கு வந்தது. அதில் அவள் எழுதும் ஒவ்வொரு வரியும் வீட்டார் பார்வைக்கு உட்பட்டது. ‘எனக்கு இது புரியவில்லை’ என்று அவள் எழுதினால், ‘இதற்குத்தானா இவ்வளவு செலவு?’ என்று கேட்கக்கூடியவர் அடுத்த அறையில் இருக்கிறார். எழுதியதை எவரேனும் திரையோடு படமெடுத்து வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டால், ஊரே அடுத்த அறையாகிவிடுகிறது.

ஆகவே மூன்றில் எது சிறந்தது என்று என்னைக் கேட்பவரிடம், குதிரை வண்டிச் சந்தேகத்துக்கு நான் வகுப்பறையையே தேர்ந்தெடுப்பேன் என்றும், ஆனால் இப்போதிருக்கிற வகுப்பறையை அல்ல என்றும் சொல்லுவேன். மன்றத்திலிருந்து அது இரண்டைக் கடன் வாங்கவேண்டும்: யோசிக்க அவகாசம், பெயரை மறைத்துக்கொள்ள ஒரு திரை. இரண்டுக்கும் மின்சாரம் அவசியமில்லை.

இணையம் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே, ஒரு காலணிக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டியின் மூடியில் பிளவு செய்து, வகுப்பு மேஜைமேல் வைத்திருந்தேன். சந்தேகத்தைத் துண்டுத் தாளில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம், திங்கட்கிழமைகளில் திறப்போம். முதல் இரண்டு வாரம் பெட்டிக்குள் மிட்டாய்க் காகிதமும், ஒரு சினிமா நடிகையின் படமும்தான் இருந்தன. மூன்றாவது திங்களன்று ஒரு தாள் கிடந்தது. எழுத்துகள் பெரிதும் சிறிதுமாகச் சாய்ந்து, கோடு தாண்டி ஓடின. கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதியிருக்க வேண்டும். ‘சார், வெள்ளிக்கிழமை நீங்கள் புரியுதா என்று கேட்டீர்கள். புரியுது என்று நானும் சொன்னேன். குதிரை ஏன் நகர்கிறது என்று தெரியவில்லை’ என்றிருந்தது. உரக்கப் படித்தேன். வகுப்பு சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன், எவரும் சிரிக்கவில்லை. நான் பதில் சொல்லத் தொடங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. பின்வரிசையில், அதுவரை ஒரு நாளும் வாய் திறவாத பையன் ஒருவன் எழுந்து, ‘சார், தரையை விட்டுட்டோம்’ என்றான்.